பெட்டிக்குத் தமிழ் தெரியுமா?

"உங்கள் வீட்டில் கணினி இருக்கிறதா?" என்று இந்நாளில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் உப்பளத்துக் கணக்கர் வீட்டிலும் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியின் குமாஸ்தா வீட்டிலும் இருக்கிறது. கூடத்தில் ஒரு மேஜை. அதன்மேல் அந்தப் பெட்டி. பெட்டியின்மேல் பூவேலை செய்த ஒரு துணி. துணியை விலக்கிவிட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். பெரியவர்கள் ரயில் டிக்கெட் எடுப்பார்கள், மின்சாரக் கட்டணம் செலுத்துவார்கள். ஆனால், "இந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சற்றே விழிப்பார்கள். "அதற்கெல்லாம் தனியாக ஏதோ வாங்கிப் போட வேண்டுமாமே?" என்பார்கள்.

வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தமிழ் அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது; நாம்தான் அதைக் கூப்பிடுவதில்லை. இந்த விஷயத்தை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வெள்ளம் வந்து கற்பித்தது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். தூத்துக்குடியில் தாழ்ந்த தெருக்கள் யாவும் குளங்களாயின. நமது வீட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அரிசி மூட்டையைத் தூக்கினோம், பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைத் தூக்கினோம், மிக்ஸியைக்கூடத் தூக்கினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டிரங்குப் பெட்டி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பெட்டியில் இருந்தவை நமது பெரியப்பாவின் நோட்டுப் புத்தகங்கள், ஐந்து. பெரியப்பா வாலிப வயதில், தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பின் கடைசி ஆண்டுகளில், கரையிலே சிப்பிகளை எண்ணிக் குவிக்கும் இடத்தில் எழுத்து வேலை பார்த்தவர். 1961-க்குப் பிறகு இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மற்றவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பெரியப்பா சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். தொலையிரம் பார் முதலாகக் கடலுக்கடியில் உள்ள பார்களின் பெயர்கள், கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குக் காற்று மாறும் கடலின் குணம், கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவனுக்கும் மேலே கயிற்றைப் பிடிப்பவனுக்கும் இடையே உள்ள உடன்பாடுகள், ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரிக்கும் விதம், எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

வெள்ளம் வடிந்து பெட்டியைத் திறந்தபோது, ஐந்து நோட்டும் ஒரே களிமண் கட்டி. மையெல்லாம் கரைந்து நீலமாக ஓடிவிட்டது. வெயிலில் உலர்த்தினோம், விசிறியின்கீழ் வைத்தோம். தாள் தாளாகப் பிரிக்க முயன்றதும் அவை பிட்டுப் பிட்டாக உதிர்ந்தன. வீட்டு அம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவற்றை முறத்தில் அள்ளினாள்.

அப்போதுதான் நமக்குச் சி.டி. நினைவுக்கு வந்தது.

2002-ஆம் வருஷத்தில் பெரியப்பா தம் நோட்டுகளைப் புத்தகமாக்க விரும்பினார். கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அடித்து வாங்கினார். அச்சுக்குக் கொடுக்கப் பணம் சேரவில்லை. கடையிலிருந்து கொடுத்த தட்டை உறையில் போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். 2011-இல் அவர் காலமான பிறகும் அது அங்கேயே இருந்தது. மேல்தட்டு என்பதால் வெள்ளம் அதை எட்டவில்லை.

இன்றைய மடிக்கணினிகளில் சி.டி. போடும் வாயே கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு நண்பரிடம், வெளியிலிருந்து செருகிக்கொள்ளும் சி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். (சிறிய கருவி, விலையும் அதிகமில்லை, பழைய தட்டுகள் உள்ள ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும்.) தட்டு சுழன்றது. கோப்பு திறந்தது. 84 பக்கங்கள்! ஆனால் முதல் வரியில் நாம் கண்டது என்ன? ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ. அதன்பின் ஓர் அரைப்புள்ளி. இரண்டாம் வரியும் அப்படியே. 84 பக்கமும் இந்தக் கோலம்தான். பெரியப்பா போன பிறகு ஏதோ புரியாத பாஷையில் நம்மோடு பேசுவதுபோல் இருந்தது.

நமது பள்ளிக்கூடத்தில் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் நம்முடன் வேலை பார்க்கிறார். கணினியை அவர் கண்ணால் அல்ல, காதால் பயன்படுத்துகிறவர். என்.வி.டி.ஏ. என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் ஆரம்பித்த காரியம் அது, தமிழும் படிக்கும். கோப்பை அவரிடம் கொண்டுபோனோம். அவருடைய பெட்டி சற்றும் தயங்காமல், "ஜே கே பி ஓ" என்று படித்தது. நண்பர் சிரித்துவிட்டார்.

"ஸார், இது தமிழ்தான். 'தமிழ்' என்ற சொல்லேதான். பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்" என்றார்.

இதன் மர்மத்தை வாசகர்களுக்கு விளக்குவது அவசியம். ஏனெனில் பழைய கோப்புகள் உள்ள பல வீடுகளில் இதே மர்மம் உறங்கிக்கொண்டிருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் அந்த எண்கள் யாவும் ஆங்கில எழுத்துகளுக்கே போய்விட்டன. தமிழர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில 'ஜே'யின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அது திரையில் தோன்றும்போது 'த' என்ற உருவத்தை வரையும்படி ஓர் எழுத்துருவைச் செய்தார்கள். 'கே'க்கு 'ம'. 'பி'க்கு இகரக் குறி. 'ஓ'வுக்கு 'ழ'. அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் புள்ளி. எல்லாம் சேர்ந்தால் 'தமிழ்'. ஆங்கிலேயர் வேஷம் போட்ட தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எழுத்துரு இருக்கும் பெட்டியில் வேஷம் கலைந்து தமிழ் தெரியும். இல்லாத பெட்டியில் வேஷம் மாத்திரமே தெரியும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு வழியில்லாத காலத்தில் அது மிகுந்த சாமர்த்தியமான வழி. பாமினியின் விசை வைப்பு, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கிய ஸ்ரீ ஆர். முத்தையாவின் வழியில் வந்தது. தட்டெழுத்துப் பயின்றவர்களின் விரல்கள் சிரமமின்றிப் பழகிக்கொண்டன. சங்கடம் எங்கே வந்தது என்றால், ஒவ்வோர் எழுத்துருக்காரரும் ஒவ்வொரு விதமாக எண்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு 'ஜே' என்றால் 'த'. இன்னொருவருக்கு 'ஜே' என்றால் வேறொன்று. மதுரையில் அடித்த கடிதம் சென்னையில் திறக்காது. ஒரே மொழியைப் பேசும் ஊர்கள், ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாளர் தேடும் நிலைமை!

நம் கரைக்கு இந்தக் கதை புதிதல்ல. 1554-ஆம் வருஷத்தில், லிஸ்பன் நகரத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. கிறிஸ்தவ மதத்தின் ஜபங்களும் போதனைகளும் அடங்கிய சிறு நூல். பாஷை தமிழ்; எழுத்து ரோமன்! தமிழ் அச்சு அப்போது உலகில் எங்குமே இல்லை. இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலில் வாழ்ந்து, தமிழ் இலக்கணம் எழுதும் அளவுக்குத் தமிழ் கற்ற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார், பரதவ மக்களின் பொருளுதவியோடு, தமிழ் எழுத்திலேயே அச்சிடும் காரியத்தைச் சாதித்தார். 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கப் புத்தகம் அது. இந்தியாவின் மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய புத்தகம் அதுவே. ரோமன் வேஷத்திலிருந்து சொந்த உருவத்துக்கு வரத் தமிழுக்கு அன்று 24 வருஷங்கள் பிடித்தன. சிப்பி எடுத்துப் பிழைத்த மக்கள் பணம் கொடுத்து அந்த வேஷத்தைக் கலைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, நமது வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் "நாளை வருகிறேன்" என்பதை ரோமன் எழுத்தில் எழுதி அனுப்புவதைப் பார்க்க நமக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது.

கணினியில் தமிழின் வேஷத்தைக் கலைத்தது யூனிகோட் என்னும் ஏற்பாடு. 'ஒருங்குறி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண். யாருடைய எண்ணையும் யாரும் இரவல் வாங்க வேண்டாம். 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது 'லதா' என்னும் எழுத்துருவோடு வந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடைக்காமல், மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து எழுத்தாகும்படி செய்துவிட்டார்களே என்று நம் அறிஞர் பலருக்கு மனக்குறை உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எனினும் தமிழ்நாட்டு அரசாங்கமும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. 2019-இல் மாகாணி, அரைக்காணி போன்ற பழைய பின்னங்களுக்கும் அளவைக் குறியீடுகளுக்குமாக இன்னும் 51 இடங்கள் கிடைத்தன. நம் பாட்டனாரின் பேரேட்டைக்கூட இனிமேல் கணினியில் அப்படியே பெயர்த்து எழுதலாம்.

ஆகவே, பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினால் தமிழ் பிழைத்துக்கொள்ளும். அதற்குக் கருவிகள் உண்டு. சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா என்னும் பதிப்பு நிறுவனத்தார் 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' என்ற ஒன்றை இலவசமாக வெளியிட்டார்கள். இணையத்திலேயே ஒட்டி மாற்றிக்கொள்ளும்படி ஸ்ரீ சுரதா யாழ்வாணன் அமைத்த 'பொங்குதமிழ்' மாற்றி நெடுநாளாகப் பலருக்கும் உதவியது. இடப்பக்கம் பழைய எழுத்தை ஒட்ட வேண்டியது; எந்த எழுத்துரு என்று சொல்ல வேண்டியது; வலப்பக்கம் தமிழ்! எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் கோப்பிலே ஒரு சொல்லைத் தேர்ந்து, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள்; பெட்டியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுப் பத்திரம், சொந்தக் கடிதம் போன்றவற்றை இணையத்தில் முகமறியாத பக்கத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டாம். நம் பெட்டியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துக. அடுத்து, மாற்றியை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். பெரியப்பா ஓரிடத்தில் படகு என்பதற்கு உரிய ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே போட்டிருந்தார். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது வேஷம் என்று எப்படித் தெரியும்? அதையும் மாற்றி, 'டிழயவ' என்று கொடுத்தது. இது ஏதோ பரதவரின் பழஞ்சொல் போலும் என்று நாம் அரை மணி நேரம் அகராதி புரட்டினோம். உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருபது வருஷம் இருந்தவருக்கு இது வேண்டியதுதான் என்று வீட்டில் அபிப்பிராயம்.

ஒரு மாலைப்பொழுதில் 84 பக்கங்களும் தமிழாயின. தமிழாசிரிய நண்பரின் பெட்டி முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தது. குரல் என்னவோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் இருந்தது. ஆனால் படித்தவை பெரியப்பாவின் வாக்கியங்கள்.

பிழைகளை ஒழுங்கு செய்வதற்கு 'வாணி' என்னும் எழுத்துப் பிழை திருத்தியையும், 'நாவி' என்னும் சந்திப் பிழை திருத்தியையும் துணைக்கொண்டோம். இரண்டையும் செய்தவர் 'நீச்சல்காரன்' என்னும் புனைபெயருடைய இளைஞர். முத்துக்குளிப்பைப் பற்றிய நூலுக்கு இதைவிடப் பொருத்தமான திருத்துநர் வாய்ப்பாரா? வாணி சில கடற்சொற்களைப் பிழை என்று சிவப்பாகக் காட்டியது. அங்கெல்லாம் பெரியப்பா பக்கமே நின்றோம்.

இனி, புதிதாக எழுதும் விஷயம். பழையதை மீட்டால் போதாது. வேஷமில்லாமல் எழுதவும் கற்க வேண்டும் அல்லவா?

விண்டோஸ் 11 உள்ள பெட்டியில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'டைம் அண்டு லாங்குவேஜ்' என்ற பகுதியில் மொழியைச் சேர்க்கும் இடத்துக்குப் போய்த் 'தமிழ்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் விசைப்பலகைகளில் 'தமிழ் 99' என்று ஒன்று இருக்கும், அதைச் சேருங்கள். அவ்வளவே. விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறலாம். ஆப்பிள் கணினியிலும் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும், மலேசியாவின் ஸ்ரீ முத்து நெடுமாறன் வடித்த 'இணைமதி' எழுத்துருவும் உள்ளேயே இருக்கின்றன. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள்தாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். செல்போனில் 'செல்லினம்' இருக்கிறது; கூகிளின் விசைப்பலகையிலும் தமிழ் இருக்கிறது.

1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை இதே ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். இதற்குக் காலணா வேண்டாம். விசைப்பலகையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

உள்ளேயே வைக்கும் காலம் வரும் முன்பு நம்மவர் பலர் இராப்பகலாக உழைத்து இலவசமாகக் கொடுத்த கருவிகளையும் மறக்கக் கூடாது. ஸ்ரீ முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', ஸ்ரீ பா. விஸ்வநாதனின் 'அழகி', தன்னார்வ இளைஞர் கூட்டம் ஒன்றின் 'எ-கலப்பை', 'என்.எச்.எம். ரைட்டர்' ஆகியவை பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் உதவக்கூடியவை. எதையும் செய்தவருடைய பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ட இடத்திலும் இறக்கினால் தமிழோடு சேர்ந்து நோயும் வந்து இறங்கும்.

'தமிழ் 99' என்றதும், "ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலியை அடித்தாலே தமிழில் வந்துவிடுகிறதே, இது எதற்கு?" என்று நமது புதல்வி கேட்டாள். எட்டாம் வகுப்பில் படிக்கிறாள், நியாயமான கேள்விதான். அந்த முறையும் தவறன்று. அவசரத்துக்கு உதவும். ஆனால் அதில் எழுதுகிறவன் மனத்தில் முதலில் ஆங்கில எழுத்துத் தோன்ற வேண்டும். அது மாறித் தமிழாக வேண்டும். பலம், பாலம், பழம் மூன்றும் ரோமன் எழுத்தில் ஒரே உருவம். நம் மாணவன் ஒருவன் நமக்கு அனுப்பிய செய்தியில், பண்டிகைக்கு வீட்டிலிருந்து பழம் கொண்டுவருவதாகச் சொல்கிறானா, பாலம் கொண்டுவருவதாகச் சொல்கிறானா என்று நாம் சிறிது நேரம் திகைத்தோம்.

தமிழ் 99, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட முறை. அதன் நுட்பம் இது: இடக்கைக்கு உயிரெழுத்துகள், வலக்கைக்குப் பெரும்பாலான மெய்கள். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில், இடப்பக்கம் அ, இ, உ, எ என்னும் குற்றுயிர்கள். வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அவற்றின் நெடில்களில் பல மேல்வரிசையில் அருகருகே நிற்கின்றன. தொல்காப்பியர் சொன்னபடி மெய்யோடு உயிரைச் சேர்த்தால் உயிர்மெய். 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா'. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம்.

அதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழுகிறது. 'க', 'க' என்றால் 'க்க'. அதுபோலவே மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று தானே புள்ளியிட்டுக்கொள்ளும். 'தூத்துக்குடி' என்பதை இந்த முறையில் எழுதப் பத்து விசைகள் போதும். ஆங்கில ஒலிமுறையில் நெடில் குறில் தவறாமல் எழுதப் பதினான்கு வேண்டும். ஆங்கிலப் பலகைகளில் உள்ள எழுத்தை அப்படியே அடித்தாலோ, ஊர் 'தூதுகுடி' ஆகிவிடக்கூடும்!

ஒரே ஓர் இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'மமதை' என்று எழுதப் போனால் 'ம்மதை' என்று வரும். நடுவில் ஓர் 'அ'வை அடித்தால் சரியாகிவிடும். இந்தச் சொல்லை எழுத முடியவில்லை என்று நமது புதல்வி புகார் செய்தபோது, "மமதை உள்ளவர்கள் அகரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்" என்று சொன்னோம். அவள் ரசிக்கவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் நம்மைவிட வேகமாக அடிக்கக் கற்றுக்கொண்டாள்.

விசைகளின்மேல் ஒட்டுவதற்குத் தமிழ் எழுத்துள்ள ஒட்டுத்தாள்கள் கடைகளில் கிடைக்கின்றன. நமக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. இவ்வூர்ப் புழுக்கத்தில் பசை இளகி விரலில் ஒட்டும்; அதோடு விசையைக் குனிந்து பார்த்தே அடிக்கும் பழக்கமும் ஒட்டும். விசைப்பலகையின் படத்தை ஒரு தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். ஒரு மாதத்தில் தாளைக் கழற்றிவிடலாம்.

அச்சான பழைய புத்தகங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியம். பக்கத்தைச் செல்போனில் தெளிவாகப் படம் பிடித்து, கூகிள் டிரைவில் ஏற்றி, அதன் ஆவண எழுதியில் திறந்தால், படத்திலுள்ள தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். அச்சை நன்றாகப் படிக்கிறது; கையெழுத்தில் தடுமாறுகிறது. 1998 பொங்கலன்று ஸ்விட்ஸர்லாந்திலிருந்த ஸ்ரீ கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் பழைய நூல்களை ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடித்து ஏற்றினார்கள். அவர்கள் பட்ட பாட்டில் பாதியை இப்போது படம் பிடிக்கும் கருவி குறைத்துவிட்டது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மாத்திரம் சில வார்த்தைகள். தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பினால்தான் இந்த ஊர் பாதி பிழைக்கிறது என்றாலும் கணினிக்கு அது எமன். பெட்டியின் உள்ளே இருக்கும் விசிறி அந்தக் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. செருகுவாய்களில் பச்சையாகப் பூக்கிறது. கடலை நோக்கிய ஜன்னலருகே பெட்டியை வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் மூடிவைப்பதும் கெடுதல். வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளே ஈரம் தங்காது. பென் டிரைவ்களை மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒருபோதும் மின்சாரத்தில் செருகாதீர்கள். நனைந்ததால் கெடாத பெட்டியும் அதனால் கெட்டுவிடும்.

பிரதி எடுத்து வைப்பதைப் பற்றி நாம் உபதேசம் செய்யும் யோக்கியதை நமக்கு இல்லை. செய்ததை மட்டும் சொல்கிறோம். பெரியப்பாவின் நூலுக்கு இப்போது மூன்று பிரதிகள். ஒன்று நம் பெட்டியில். ஒன்று பென் டிரைவில், பீரோவின் அதே மேல்தட்டில். ஒன்று மதுரையில் தங்கையின் வீட்டில். தங்கை மாடியில் குடியிருக்கிறாள்.

ஆனால் முழு நூலும் மீளவில்லை. 2002-க்குப் பிறகு பெரியப்பா சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது நோட்டின் கடைசியில் கையால் மேலும் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். கடலடித் தரையின் வகைகளுக்குக் குளியாளிகள் வழங்கிய பெயர்கள் என்று தலைப்பிட்டிருந்தது நமக்கு நினைவிருக்கிறது. பதினேழு பக்கங்கள். அவை தட்டில் இல்லை. வெள்ளம் கொண்டுபோனது அவற்றைத்தான்.

அக்காலத்தில் கடைசி வருஷத்து முத்துக்குளிப்பில் இறங்கி, பிறகு சங்கு குளித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் இன்னமும் கடற்கரைத் தெருவில் இருக்கிறார். எண்பது வயது கடந்தவர். அவரைத் தேடிப் போய் வணங்கி, விஷயத்தைச் சொல்லி, நம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையெழுத்துக்கு அவருக்குப் பொறுமை இல்லை, பேசுவார். அதற்கென்ன? 2017-இலிருந்து கூகிள் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுகிறதே! செல்போனை அவர்முன் வைத்து, "பேசுங்கள், ஐயா" என்றோம்.

அவர் பேசினார். 'கொண்டல்' என்றார், செல்போன் 'கொண்டால்' என்று எழுதியது. 'கச்சான்' என்றார், 'கச்சா' என்றது. பார்களின் பெயர்கள் வரத் தொடங்கியதும் அது அடியோடு நிலைகுலைந்துவிட்டது. நாம் வரிகளை அவருக்குப் படித்துக் காட்டினோம். கிழவர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வாத்தியாரே, உங்க பெட்டி பள்ளிக்கூடத் தமிழ் படிச்சிருக்கு. கடலுக்கு வந்ததில்ல" என்றார்.

செல்போனை அணைத்துவிட்டு நமது புதல்வியைக் கணினியின்முன் உட்கார வைத்தோம். அவர் சொல்லச் சொல்ல அவள் தமிழ் 99-இல் அடித்தாள். புரியாத சொல் வந்தபோது, "தாத்தா, றகரமா ரகரமா?" என்று கேட்டாள். அவருக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் சொல்லை மறுபடி மெதுவாகச் சொன்னார். அன்று மாலை ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். காற்று பலமாக அடித்தால் வருவதில்லை. சுக்குக் காப்பி கொடுக்காவிட்டால் பேசுவதில்லை. இதுவரை ஆறு பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன.